இருபது வரை

உள்ளே வரும்போது கழற்றி வைத்த என் மோதிரம்
அவன் தோள் வரை ஏறும்.
ஆயிரத்து நூற்றிருபது கிராம்.
கால்பட்டையில் பெயர் கிடையாது,
'நம்புவடிவு குழந்தை, ஆண்', அவ்வளவுதான்.

மூன்று மில்லி பால், இரண்டு மணிக்கு ஒருதரம்.
சிரிஞ்சை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்.
தள்ளக் கூடாது,
தானாக இறங்கட்டும்.

மூச்சு விடுவது கடைசிப் பாடம்.
அதற்குள் வெளியே வந்துவிட்டான்.
நன்றாகத்தான் விட்டுக்கொண்டிருப்பான்,
நடுவில் மறந்துபோவான்.
வலியில்லை, அழுகையில்லை,
கடைக்குப் போன பிள்ளை
என்ன வாங்க வந்தோமென்று வழியில் நின்றுவிடுவது போல.
ஒன்று, இரண்டு என்று எண்ணுவேன்.
உதட்டோரம் நாவற்பழ நிறம் கூடும்.
இருபதில் மானிட்டர் கத்தும்.
அதற்கு முன்பே உள்ளங்காலில் ஒரு சுண்டு:
டேய், உன்னைத்தான்.
இழுத்து ஒரு மூச்சு.

ஓர் இரவில் ஒன்பது தடவை, மறுநாள் பதினொன்று,
அமாவாசையன்று பதினாறு.
அமாவாசையை எல்லாம் சார்ட்டில் எழுதாதே என்றாள்
ஜெசிமா சிஸ்டர்.

ஐந்தாம் நாள்தான் அவன் தாய்
சக்கர நாற்காலியில் வந்தாள்.
பாம்பன், சின்னப்பாலம். கடல்பாசி எடுக்கிறவள்.
முழங்கை வரை கழுவச் சொன்னேன், இரண்டு நிமிடம்.
விரல் நுனிகளில் கறுப்பு போகவேயில்லை.
அது அழுக்கில்லை, பாறை கிழித்து ஆறிய தழும்பு.
துணி சுற்றிக்கொண்டு இறங்கினாலும் இப்படித்தானாம்.
"இந்தக் கையாலயா தொடச் சொல்றீக?"

மூச்சை ஞாபகப்படுத்த மருந்து போகிறது,
காப்பியில் இருப்பதுதான் என்றேன்.
"பொறந்து அஞ்சு நாள்ல காப்பியா,
அவுக அப்பன் மாதிரியே" என்று சிரிக்கப் போனவள்
பாதியில் நின்றாள்.
அவனும் நின்றிருந்தான்.

நான் எண்ணத் தொடங்கும் முன்பே
அவள் உதடுகள் அசைந்தன.
பத்து. பன்னிரண்டு. என்னுடைய அதே வேகம்.
தன் மூச்சையும் பிடித்துக்கொண்டிருந்தாள்.
பதினாலில் நான் சுண்டினேன்,
இருவரும் ஒன்றாக மூச்சு விட்டார்கள்.

அப்புறம் சொன்னாள், என்னைப் பார்க்காமல்:
"ஆறாம் மாசம் வரைக்கும் முங்குனேன் சிஸ்டர்.
வயித்துல இவன், இடுப்புல சாக்கு.
எண்ணிக்கிட்டேதான் பறிப்பேன்,
முப்பது நாப்பது வந்தா மேல.
அதைப் படிச்சுட்டான்.
நாந்தான் சொல்லிக் குடுத்துட்டேன்."

இல்லை என்று சொல்ல என்னிடம் நிறைய இருந்தது.
வாரக்கணக்கு, முதிராத மூளை,
பயிற்சியில் மனப்பாடம் செய்த இரண்டு பக்கம்.
எல்லாவற்றையும் சொன்னேன்.
தலையாட்டினாள்,
ரேஷன் கடையில் இன்று சரக்கு வரவில்லை என்றால்
ஆட்டுவார்களே, அப்படி.

பிறகு நாற்காலியைச் சாய்த்து
அவள் நெஞ்சில் அவனை வைத்தேன்.
தோலோடு தோல், தலைக்குத் தொப்பி,
வயர்கள் தோள்வழியே.
துணியை நான் கட்டிய முடிச்சு பிடிக்கவில்லை அவளுக்கு.
அவிழ்த்து அவளே போட்டாள்,
அலையில் நழுவாத முடிச்சு.
அவளை அங்கேயே இருக்கவிட்டோம்.

இரவு இரண்டரை.
மூன்றாம் கட்டிலில் தேவிபட்டினத்துப் பெண்குழந்தை.
நரம்பு தேடிக் குனிந்திருந்தேன்,
ஊசி பாதி உள்ளே, கையை எடுக்க முடியாது.
ஜெசிமா பிரசவ அறைக்குப் போயிருந்தாள்.
முதுகுக்குப் பின்னால் மானிட்டரின் ஓசை மாறியது.
எட்டு, ஒன்பது,
பதினொன்று.
காலில் சுண்டு என்று கத்த வாய் திறந்தபோது
அவள் குரல், தணிவாக,
யாரையோ படகோரத்துக்குக் கூப்பிடுவது போல:

"மேல வா."

சுண்டுகிற சத்தம் அவ்வளவு தூரம் கேட்காது.
மானிட்டர் பழைய ஓசைக்குத் திரும்பியது கேட்டது.
"வந்துட்டான் சிஸ்டர். நீங்க அந்தப் புள்ளையப் பாருங்க."

ஊசியில் ரத்தம் ஏறியது. பிளாஸ்டர் ஒட்டிவிட்டு
சார்ட்டை எடுத்தேன்:
2.34. மூச்சு நின்றது, பதின்மூன்று நொடி.
தூண்டியது: தாய்.